வெளுத்த கயிறு

7 ஜூலை, ஞாயிறு

காலையில் ஆர்த்தி அவள் அப்பாவின் வேலைக் கயிற்று நுனியை வாயில் வைத்துச் சப்பிக்கொண்டிருந்தாள். உதடெல்லாம் சாம்பல் நிறம். போன வாரம் இவுக ஒரு பட்டாசு கம்பெனித் தண்ணீர்த் தொட்டிக்குக் கயிற்றில் தொங்கி பெயிண்ட் அடித்தார். அங்கிருந்த மருந்துத் தூசி வீடு வரைக்கும் வந்திருக்கிறது! பிள்ளை வாயைக் கழுவிவிட்டு, ரெண்டு கயிற்றையும் பிளீச்சிங் பவுடர் கரைத்து ஊறப்போட்டேன். அலசி மொட்டைமாடி வெயிலில் காயவைத்தேன்.

"ஏத்தா, புது வேட்டி கணக்கா வெளுத்துட்டியே" என்றார் அத்தை. பெருமையாக இருந்தது.

சாயங்காலம் இவுக கேட்டார்: "கயித்தை எதுல தொவச்ச முருகு?"

அப்போதுதான் உறைத்தது. பிளீச்சிங் பவுடரில் இருக்கிற குளோரின் நைலான் கயிற்றைத் தின்னும். பி.எஸ்சி. கெமிஸ்ட்ரி படித்தவள் நான். பரீட்சையில் எழுதியிருக்கிறேன்.

"சோப்புத் தண்ணியிலதான்" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன்? அத்தை பக்கத்தில் நின்றார். அவ்வளவுதான் காரணம். அவ்வளவேதான்.

8 ஜூலை

சாத்தூர் மில் புகைபோக்கிக்குப் பெயிண்ட் அடிக்கக் கிளம்பிவிட்டார். வாசல் வரைக்கும் கூடவே போனேன். சொல்லவில்லை.

8 ஜூலை, மறுபடியும்

இவுக போனை எடுக்கவில்லை — மேலே ஏறினால் கீழே வைத்துவிடுவார்கள். சூப்பர்வைசர் காளிராஜ் அண்ணனைக் கூப்பிட்டு அழுதேன்.

"பதறாதீக தங்கச்சி. ஒரு கயிறு போனாலும் காப்புக் கயிறு தாங்கும். எதை ஊறப்போட்டீக?"

"ரெண்டையும்ணே."

அந்தப் பக்கம் ஒரே கத்தல்: "ஏலே சிவபாண்டி! கயித்துல எறங்காத! ஏணியைப் பிடிலே, ஏணியை!"

இவுக இரும்பு ஏணி வழியா இறங்கிட்டாராம்.

9 ஜூலை

ரெண்டு கயிற்றையும் கை நீளத்துக்குத் துண்டு துண்டாக வெட்டிவிட்டார்கள். யாரும் தெரியாமல் எடுத்துக் கட்டிவிடக் கூடாதாம். பார்த்தால் நல்ல கயிறாகத்தான் இருக்கும், அதுதான் ஆபத்து என்றார் இவுக. கூட வேலை செய்கிறவர்கள், "மாப்ள, தங்கச்சிகிட்ட சட்டையை மட்டும் வெளுக்கக் குடு" என்று கேலி பேசியிருக்கிறார்கள்.

"ஒரு துண்டு கொண்டாந்திருக்கலாம்ல, பிள்ளைக்குத் தொட்டில் கட்ட ஆகும்" என்றார் அத்தை.

"எனக்கே ஆகாதது அவளுக்கு ஆகுமா?" என்றார் இவுக.

அப்புறம் என்னிடம், மெதுவாக: "ஞாயித்துக்கிழமையே தெரியுமா ஒனக்கு?"

"தெரியும்."

சோற்றில் கை வைத்தபடியே இருந்தார். திட்டியிருக்கலாம். ஒரு வார்த்தை திட்டியிருக்கக் கூடாதா?

13 ஜூலை

பேச்சு இல்லை. பிள்ளையோடு மட்டும்.

22 ஜூலை

கயிறு இனி வீட்டுக்கு வராது. கம்பெனியிலேயே கழுவி, நிழலில் காயவைத்துப் பூட்டிவிடுகிறார்கள். மாட்டி வைக்கிற ஆணி சும்மா இருக்கிறது. ஆர்த்தி தவழ்ந்துபோய் கயிற்றைத் தேடுகிறாள்.

காலையில் போன் வந்தது. வேலை இடத்திலிருந்து இவுக கூப்பிட்டதே இல்லை.

"ஏறப் போறேன். எதாச்சும் சொல்லணுமா?"

குத்திக் காட்டுகிறாரா, என்னவென்று குரலில் பிடிபடவில்லை.

"இல்லீங்க" என்றேன். இன்றைக்கு அது நெசம்.

"சரி" என்றார். ஆனாலும் உடனே வைக்கவில்லை. காத்துச் சத்தம் கொஞ்ச நேரம் கேட்டது.