மேல்தட்டு ஆடுகள்

அம்மா, உன் முழங்கால் வலி குறைந்ததா? நான் நன்றாகத்தான் இருக்கிறேன்.

நேற்று பிரெண்ட் என்ற எங்கள் டிரைவர், முதல் பண்ணையில் இரண்டு தட்டு லாரியின் கீழ்த்தட்டு ஆடுகளை மட்டும் இறக்கினான், அதுதான் சுலபமாம். டப்போ சாலை வளைவில் லாரி ஒரு பக்கமாகச் சாய்ந்து, பிறகு நிமிர்ந்தது.

"கீழ காலி, மேல பாரம். கவுந்துடும்யா!" என்றேன்.

"பத்தாவதே முடிக்காத வாத்தியாரே, வாயை மூடு!" என்று சிரித்தான்.

இன்றும் கீழ்த்தட்டைக் காலி செய்துவிட்டு, "நீயே ஓட்டு தம்பி, நான் ஜீப்ல பின்னாடி வர்றேன்" என்று சாவியைக் கொடுத்தான். ஸ்டியரிங்கைத் தொடவே விடாதவனுக்குத் திடீரென்று என்ன பாசம்?

என் கம்பளிச் சட்டையை உன் சோப்பில் துவைத்து அனுப்பு. ஜீப்பிலிருந்து ஹாரன் அடிக்கிறான். அடிக்கட்டும். பாதி ஆடுகளைக் கீழே மாற்றும்வரை சாவி என் பையில்தான்.

டார்சி