உன் கை அளவுக்கு வாங்கிய கோடாலி

போன இடத்திலும் வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருக்கிற என் மாப்பிள்ளை முத்தையாவுக்கு,

உன் மச்சான்தான் எழுதுகிறேன். மூணாங்கிளாசோடு நின்றவன் எழுத்து, பிழை இருந்தால் பொறுத்துக்கொள். "கோழி கிண்டுன மாதிரி இருக்கு வே" என்று நீ இருக்கும்போதே சொன்னவன்தானே. இங்கே எல்லாரும் சுகம். கரண்டு போய் தறி நிற்கிறது. அதனால்தான் உனக்கு எழுத நேரம் கிடைத்தது.

முதல் சேதி இது. உன் பெண்டாட்டி, என் தங்கச்சி பேச்சி, ஆட்டை விற்க மாட்டேன் என்று சொல்லிவிட்டாள்.

கார்த்திகையில் நீ காய்ச்சலில் போனதிலிருந்து, வித்துப்போடு என்று சொந்தபந்தம் எல்லாம் சொன்னோம். முதல் ஆளாய்ச் சொன்னவன் நான்தான், உன்னிடம் ஒளிப்பானேன்? ஒரு பொம்பளை மூணு மாசம் மலையடிவாரத்து வயல்களில் உரத்துக்கு ஆட்டுக்கிடை போட்டு, ஓலைக் குடிசையில் படுத்து, முள் வெட்டி ஆட்டைச் சுத்தி அடைத்து, நரியை விரட்டி... நடக்கிற காரியமா?

எல்லாத்தையும் கேட்டுவிட்டு அவள் சொன்னது ஒன்றுதான். "அண்ணே, அவுக கோடாலியத்தான் குழிக்குள்ள வச்சுட்டிய. எனக்கு ஒரு கைக்கோடாலி நல்லதாப் பாத்து வாங்கித் தா."

'அது இல்லாம அவன் எங்கன போவான்' என்று உன் பக்கத்தில் அதை வைத்தவனே நான்தானே.

மாப்பிள்ளே, நான் ஒரு கள்ளத்தனம் செய்யப் பார்த்தேன். நல்ல கனமாய் ஒன்றை வாங்கிக் கொடுத்தால், தூக்கிப் பார்த்துவிட்டு அவளே ஆட்டை விற்றுவிடுவாள் என்று நினைத்தேன். பஜாரில் இரும்புக்கடையில் சிவப்புப் பெயிண்டு அடித்து ஒன்று தொங்கியது. இதுதான் சரி என்று கையில் எடுத்தேன்.

எடுத்ததுதான் தாமதம், நீ காதுக்குள் வந்துவிட்டாய். "கையை நேரா நீட்டிப் பிடி வே. பத்து எண்ணு. கை நடுங்குச்சுன்னா அது உனக்கு உள்ளதில்ல." எண்ணினேன். ஆறிலேயே நடுங்கியது. "பெயிண்டு எதுக்கு அடிச்சிருக்கான்? கீறலை மறைக்கத்தான். சுண்டிப் பாரு." சுண்டினேன். ஓட்டைச் சட்டி மாதிரி ஒரு சத்தம். கடைக்காரர் என்னைப் பார்த்து, "என்ன அண்ணாச்சி, மாட்டுக்குப் பல்லுப் பாக்கீகளா?" என்றார்.

காட்டில் இதை வீசும்போது தலை கழன்று பறந்தால் பக்கத்தில் யார் இருக்கிறார்கள்? அவள் தனியாளாய் அல்லவா இருப்பாள். அதை நினைத்ததும் என் கள்ளத்தனம் எனக்கே கசந்துவிட்டது. ஆணியிலேயே மாட்டிவிட்டு, நீ வருசாவருசம் என்னைத் துணைக்கு இழுத்துப்போன திருவேங்கடம் ரோட்டுப் பட்டறைக்குப் போனேன்.

ஆசாரி இரண்டு மூன்று கோடாலித் தலையை எடுத்துப் போட்டார். காம்பு நுழைகிற கண்ணை மட்டும் பார்த்தேன். மேலே அகலம், கீழே குறுகல். மேலிருந்து காம்பை இறக்கினால் வீச வீச இறுகுமே தவிரக் கழலாது. காட்டில் காம்பு முறிந்தாலும் ஒரு கம்பைச் செதுக்கிச் சொருகிக்கொள்ளலாம். தறிக்காரனுக்கு இதெல்லாம் தெரியுமா என்று ஆசாரி சிரித்தார். நீ என் காதைத் தின்றது அவருக்கு எப்படித் தெரியும்?

"காம்பு என்ன நீளம்?" என்று கேட்டார். யோசிக்கவே இல்லை. என் கையை நீட்டி, "இதுக்கு மேல நாலு விரல் கூட" என்றேன். கருவேலங்காம்பு போட்டுக் கொடுத்தார்.

வீட்டுக்குக் கொண்டுவந்தேன். கோடாலித் தலையை உள்ளங்கையில் ஏந்தி, கையை நீட்டி, காம்பைக் கையோடு ஒட்டிவைத்து அளந்தாள் பேச்சி. நுனி கக்கத்தில் முட்டணும், அதுதானே கணக்கு? அது கக்கத்தைத் தாண்டிப் பின்னால் அரைச் சாண் நீட்டிக்கொண்டு நின்றது.

"அண்ணே, இது யாரு கைக்கு?"

"உனக்குத்தான், பின்ன யாருக்கு?"

"இது அவுக கை."

என் கையை விட உன் கை நாலு விரல் நீளம். "குட்டக்கை மச்சான்" என்று நீ ஊர் பூராவும் என்னைக் கேலி செய்த அதே நாலு விரல். நல்லவேளை, அன்றைக்கும் போயிருந்த கரண்டு வந்து பக்கத்து வீட்டுத் தறியெல்லாம் ஓட ஆரம்பித்தது. அந்தச் சத்தத்தில் யார் அழுதால் யாருக்குக் கேட்கும்?

பிறகு அவளே ரம்பத்தை எடுத்து மிச்சத்தை அறுத்தாள். கொல்லையில் கிடந்த உடைமரக் கட்டையை நிறுத்தி ஒரே போடு. இரண்டாய்ப் பிளந்தது. நான் ஒரு கட்டையை வைத்து வெட்டினேன். மூன்று வெட்டு ஆச்சு, பாதி பிளந்தது. "நீ தறியப் பாரு அண்ணே" என்றாள். நீ போனபிறகு அவள் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன். ஆட்டை விற்கிற பேச்சை அதோடு விட்டுவிட்டேன்.

அறுத்த அந்த அரைச் சாண் கட்டையை என்ன செய்தாள் தெரியுமா? உன் கொம்பன் கிடாவின் கழுத்து மணிக்கு நாக்கு விழுந்து, அது ஊமையாய்த்தானே கிடந்தது. கட்டையைச் செதுக்கி அதில் கட்டிவிட்டாள். பங்குனியில் கிடை கிளம்பியபோது புளியங்குடி ரோடு வரை கூடப் போனேன். ஆடுகள் கண்ணுக்கு மறைந்த பிறகும் மணி மட்டும் லொட லொட என்று கேட்டது. உன் அளவில் மிஞ்சின கட்டை. அது சும்மா இருக்குமா?

மாசம் ஒருதரம் பஸ் ஏறிப் போய், காம்பு ஆடுகிறதா என்று பார்த்து, கோடாலி வாயைத் தீட்டிக் கொடுத்துவிட்டு வருவேன். அவள் கிடை இருக்கிறவரைக்கும் இது நடக்கும், சத்தியம்.

கையில் மட்டும் குட்டையான
உன் மச்சான்
சுடலைமுத்து
சங்கரன்கோவில்