எர்த் கம்பியும் என் கத்தரிக்கோலும்

அண்ணனுக்கு,

வணக்கம். இங்கே அம்மாவும் அப்பாவும் நலம். உங்கள் நலத்தை அம்மா போனில் விசாரித்துக்கொள்கிறார். நான் விசாரிக்கவில்லை.

உங்கள் சிநேகிதர் வேனோடு வந்தார். அப்பாவின் ரெக்கார்டு பிளேயரை எடுத்துப்போகச் சொல்லி நீங்கள் அனுப்பியதாக ஜன்னலுக்கு வெளியே நின்று சொன்னார். நான் கதவைத் திறக்கவில்லை, பதிலும் சொல்லவில்லை. எனக்குத்தான் பேச வராதே. அவர் போகும்வரை தாழ்ப்பாளைப் பிடித்தபடி நின்றேன்.

"அந்த ஊமைக்கோட்டான் கை வச்சுத்தான் பிளேயரு கெட்டுப்போச்சு" என்று நீங்கள் அம்மாவிடம் சொன்னதைக் கேட்டேன். போன் ஸ்பீக்கரில் இருந்தது. அப்பாவும் கேட்டார். பக்கவாதம் அவருடைய கை காலைத்தான் எடுத்துக்கொண்டது, காதை விட்டுவைத்திருக்கிறது. மத்தியானத்தில் ஓர் இசைத்தட்டு கேட்பதைத் தவிர அவருக்கு வேறு என்ன இருக்கிறது?

நான் கை வைத்தது உண்மைதான். நீங்கள் வெளியூர் போனதிலிருந்து பிளேயரின் ஸ்பீக்கரில் 'உம்'மென்று ஓயாத இரைச்சல். பாட்டையே விழுங்கியது. ஒருநாள் தூசி துடைக்கும்போது என் ஒரு கை பிளேயரின் இரும்பிலும் மறு கை பக்கத்தில் சத்தத்தைக் கூட்டித் தரும் ஆம்ப்ளிபயர் பெட்டியின் திருகிலும் பட்டது. இரைச்சல் அடங்கியது. கையை எடுத்ததும் திரும்ப வந்தது. அதனால் அப்பா கேட்கும்போதெல்லாம் நடுவில் உட்கார்ந்து இரண்டையும் தொட்டுக்கொண்டே இருந்தேன். மூக்கு அரித்தாலும் சொறிய முடியாது. அதைப் பார்த்துத்தான் அம்மா, "இவ எப்பப் பாரு அதுமேலயே கைய வச்சுக்கிட்டு இருக்கா" என்று உங்களிடம் சொல்லிவிட்டார்.

வேன் போன பிறகு எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. பிளேயரை நகர்த்திப் பின்பக்கம் பார்த்தேன். ஆம்ப்ளிபயரில் நான் தொடும் திருகின் பக்கத்தில் 'எர்த்' என்று பொறித்திருக்கிறது. அதில் கம்பியே இல்லை. பிளேயரின் பின்னால் பச்சைக் கம்பி ஒன்று விரல் நுனி அளவுக்கு வெட்டுப்பட்டு நின்றது.

புறப்படுவதற்கு முன் சிநேகிதர்களுக்குக் காட்ட அதைப் படம் எடுத்தீர்களே, நினைவிருக்கிறதா? "பின்னால எலிவால் மாதிரி தொங்குது, உன் கத்தரிய குடு" என்றீர்கள். என் தையல் கத்தரியின் வாயில் அன்று விழுந்த பள்ளம் இன்றும் துணியைக் கடித்து இழுக்கிறது. துணி பிசிறும்போதெல்லாம் உங்களைத்தான் நினைத்துக்கொள்கிறேன், நல்லபடியாக அல்ல.

வெட்டிய நுனியைச் சுரண்டி, புதுக் கம்பியை முறுக்கி, அந்தத் திருகில் இறுக்கினேன். இரைச்சல் செத்தது. அப்பா பாதிப் பாட்டில் கண்ணைத் திறந்து என் கைகளைத் தேடினார். அவை என் மடியில் இருந்தன. வாயின் ஒரு பக்கத்தால் சிரித்தார்.

என்னைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தியபோது, "அப்பாவப் பாத்துக்க ஒரு ஆள் வேணும்" என்றீர்கள். அந்த ஆள் சொல்கிறேன்: பிளேயர் இந்த அறையை விட்டு நகராது. இனி யாரையும் அனுப்பாதீர்கள்.

நீங்கள் நூறு வருஷம் நன்றாக இருக்க வேண்டும். அங்கேயே.

இப்படிக்கு,
ஊமைக்கோட்டான்