துறைமுகத்தை ஏன் அடைத்தார்கள்

ஜூன் 3, செவ்வாய்
எட்டாம் மாடியில் லிஃப்ட் நின்றுபோய் இரண்டு பேர் நாற்பது நிமிடம் மாட்டிக்கொண்டார்கள். மெக்கானிக் வேலையில் இது புதிதல்ல. வீட்டுக்கு வந்ததும் மகளின் வீடியோ கேமைப் போட்டேன். அவள் கோபித்துக்கொண்டு போய் ஐந்து வாரம். இதை மட்டும் விட்டுப் போயிருக்கிறாள்.

அவள் நிறுத்திய இடத்திலேயே கதை தொடங்கியது. பேரரசு பிடித்த நகரம். எரிந்த கப்பல்கள். ஊரிலிருந்து துறைமுகத்துக்கு வரும் வாசலைக் கல் வைத்து அடைத்திருக்கிறார்கள். சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ தட்டிக்கொண்டே இருக்கிறார்கள்.

ஜூன் 5
பேரரசு கொள்ளையடிக்கவில்லை, ஒருவரையும் கொல்லவில்லை. தினமும் ரொட்டி வண்டி அனுப்புகிறது. பிறகு எதற்குத் துறைமுகத்தை அடைத்தது? கதையில் சொல்லவே இல்லை. இணையத்தில் ஒருவன் கொள்ளைநோய் என்கிறான், இன்னொருவன் புதையல் என்கிறான். கடலில் ஏதோ பூதம், ஊரைக் காப்பாற்றத்தான் அடைத்தார்கள் என்று எனக்குப் படுகிறது. சோறு போடுகிறவன் கெட்டவனாகவா இருப்பான்?

ஜூன் 8, ஞாயிறு
மனைவி: "பெத்த பொண்ணுகிட்ட ஒரு வார்த்தை பேச முடியல, பொம்மை ராஜாவுக்கு வக்காலத்து வாங்குறீங்களாக்கும்."

ஜூன் 10
காலி லிஃப்ட் என்று தெரிந்தும் கதவில் காதை வைத்துப் பார்த்தேன். அதே தட்டல். எனக்குப் பைத்தியம்தான் பிடிக்கிறது.

ஜூன் 14
கடைசித் தீவு வரை நீந்திப் பார்த்துவிட்டேன். பூதம் இல்லை, நோய் இல்லை, புதையலும் இல்லை. வெறும் தண்ணீர்.

எழுதித்தான் ஆக வேண்டும். ஏப்ரலில் அவளுக்கு வேலைக் கடிதம் வந்தது. கடல் தாண்டிய ஊர், பத்து நாளுக்குள் பதில் கேட்டிருந்தார்கள். பதினோரு நாள் என் கருவிப் பையின் அடியில் ஒளித்து வைத்தேன். அப்புறம் அன்றுதான் வந்தது போல மேசையில் போட்டேன். உறையில் என் கட்டைவிரல் கிரீஸ். இந்த வீட்டில் வேறு யார் கையில் கிரீஸ்? அவள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "உன் நல்லதுக்குத்தான்" என்றேன்.

ஜூன் 19
கேமில் வரைபடத்தின் மேல் குறிப்பு எழுதி வைக்கலாமாம். துறைமுகத்தில் அவள் எழுதியது இருக்கிறது. வீட்டை விட்டுப் போனதற்கு முந்தைய நாள் தேதி.

"கடல்ல ஒரு ஆபத்தும் இல்ல. எல்லாரும் போயிட்டா இவங்க யாருக்குப் பேரரசு? அந்தப் பயம்தான்."

ஐயோ. என்னைத்தானே சொல்லியிருக்கா. ஆமாம்மா, பயம்தான் — நீ போயிட்டா இந்த வீட்ல நான் யாரு?

ஜூன் 24
அவள் பெயருக்கு மறுபடி ஒரு கடிதம். அதே அலுவலக முத்திரை. கையை மூன்று தடவை சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத்தான் தொட்டேன். நேராக அவள் தங்கியிருக்கும் தோழி வீட்டுக்குப் போனேன்.

லிஃப்டில் ஆள் மாட்டினால், கதவைத் தொடுவதற்கு முன் உள்ளே இருப்பவரிடம் பேச வேண்டும். எங்கள் தொழிலில் முதல் பாடம் அது. இன்று வெளியே நின்று தட்டியது நான்.

"அப்பா வந்திருக்கேன். அன்னைக்கு ஒளிச்சு வெச்சது உன் நல்லதுக்கு இல்ல. எனக்காக."

கதவு ஒரு சாண் திறந்தது. கை மட்டும் வந்து கடிதத்தை வாங்கியது.

"துறைமுகம் வரைக்கும் போனீங்களா?"

"போனேன்."

"சரி." கதவு மூடிக்கொண்டது.

ஆகஸ்ட் 3, ஞாயிறு
கடல் தாண்டிய அந்த வேலைக்கே கிளம்பிவிட்டாள், காலையில் விமான நிலையத்தில் வழியனுப்பினோம். பெட்டியைத் தூக்கிக் கொடுக்க மட்டும் என்னை விட்டாள். கண்ணாடிக் கதவுக்கு அப்பால் போனவள் ஒருமுறை திரும்பிப் பார்த்தாள்.

மாலையில் கேமைப் போட்டேன். சுவர் அப்படியே இருக்கிறது, இடிக்க வழி கிடையாது. தட்டலும் நிற்கவில்லை. அவள் குறிப்புக்குக் கீழே எழுதினேன்:

"நீ சொன்னதுதான் சரி. நம்ம ஊர் காலி. ராஜா ரொட்டி வண்டியோட வாசல்ல நிக்கிறான்."