பின்பக்கமாக ஏற்றிய இம்பாலா

அக்டோபர் 13, ஞாயிறு

நேற்று அடித்த காற்றில் கார்க் கொட்டகையின் கூரை ஒரு பக்கமாகச் சாய்ந்துவிட்டது. தெருவில் தாழ்வாக ஊர்ந்து போக அப்பா மாற்றிக் கட்டிய அறுபத்து நாலாம் வருட இம்பாலா கார் மேல் துருத் தூளும் ஆணியும். துணியுறை போட்டிருந்ததால் பெயிண்ட் தப்பியது. முதல் பனி விழுந்தால் இந்தக் கூரை நிற்காது.

இதை டெல்ஃபினோவிடம் போனில் சொன்னது என் புத்திகெட்டதனம். என் அண்ணன் கொலராடோவில் உட்கார்ந்துகொண்டு இதற்குத்தான் காத்திருந்திருக்கிறான். "அல்புகர்க்கில ஒருத்தர் கேட்டுக்கிட்டே இருக்காரு, பெர்னி. வித்துடலாம். உனக்குக் கராஜும் கிடையாது, உடம்புல தெம்பும் கிடையாது. ஸ்கூல் பஸ் ஓட்டுறவளுக்கு லோ ரைடர் எதுக்கு?"

அப்பா காரை எங்கள் இருவருக்கும் பாதிப் பாதியாக விட்டுப் போனார். இவன் பாதி ஒரு நாளாவது ஆயில் மாற்றியிருக்கிறதா? கேட்கத்தான் நினைத்தேன். வாயில் வந்தது வேறு. மூடின டிரெய்லர் வாங்கப் போகிறேன், குளிர் முடியும்வரை கார் அதற்குள் இருக்கும், பெரிய வெள்ளிக்கு எஸ்பனோலா தெருவில் நடக்கிற கார் ஊர்வலத்தில் இறக்குவேன் என்றேன். சொன்ன பிறகுதான் எனக்கே தெரிந்தது, என்னிடம் அப்படி ஒரு திட்டம் இருப்பது.

விழுந்து விழுந்து சிரித்தான். "அப்பா காரை டிரெய்லர் ராணி ஆக்கப் போறியா? ஊரே காறித் துப்பும்டி."

எங்கள் ஊரில் இதைவிடக் கேவலமான வசவு இல்லை. கார் என்றால் சொந்தச் சக்கரத்தில் உருண்டு வர வேண்டும். பெட்டிக்குள் பதுங்கி வருகிற காருக்கு யாரும் கை காட்ட மாட்டார்கள்.

கடைசியில் ஒரு ஒப்பந்தத்துக்கு வந்தோம். பெரிய வெள்ளிவரை ஒரு கீறல் விழாமல் காப்பாற்றினால் அவன் பாதியும் எனக்கு. கீறல் விழுந்தால் விற்றுவிட வேண்டும். என்னோடு பஸ் ஓட்டுகிற கோரின் பக்கத்தில் இருந்து எல்லாவற்றையும் கேட்டாள். "நல்லா மாட்டிக்கிட்ட" என்றாள்.

மாட்டிக்கொண்டேனா? பார்ப்போம்.

அக்டோபர் 20, ஞாயிறு

டிரெய்லர் வந்துவிட்டது. முன்பு யாரோ குதிரைச் சேணமெல்லாம் ஏற்றிப் போனது போல, உள்ளே தோல் வாசனை. தரை உறுதி. நாலு மூலையிலும் இரும்பு வளையம்.

எல்லாரும் ஏற்றுகிற மாதிரி மூக்கை முன்னால் விட்டு ஏற்றினேன். நெடுஞ்சாலையில் கொஞ்சம் வேகம் பிடித்ததும் டிரெய்லர் வாலை ஆட்டியது பாருங்கள் — வண்டியையே பிடித்து உலுக்கியது. பிரேக்கைத் தொடாமல் மெல்ல வேகத்தைக் குறைத்து ஓரம் கட்டினேன். கோரின் சிலுவை போட்டுக்கொண்டே இருந்தாள்.

பிறகுதான் மண்டையில் உறைத்தது. மற்றவர்கள் காரில் கனமெல்லாம் முன்னால் எஞ்சினில். நம் காரில் அப்படியா? காரைத் தூக்கி இறக்குகிற பம்புகளும், அவற்றுக்கு எட்டு பேட்டரியும் டிக்கிக்குள். மூக்கை முன்னால் விட்டால் அத்தனை கனமும் டிரெய்லரின் வாலில் போய் உட்கார்கிறது. வாலில் கனம் ஏறினால் ஆடாமல் என்ன செய்யும்?

திருப்பி, பின்பக்கமாக ஏற்றினேன். டிக்கி முன்னால் போய்விட்டது. மறுபடி அதே சாலை, அதே வேகம். ஆடவில்லை.

ஏற்றியதும் கார்க் கதவு டிரெய்லர் சுவரில் இடித்தது, திறக்க முடியவில்லை. ஐம்பத்தாறு வயதில் ஜன்னல் வழியாக வெளியே வந்தேன். பாதியில் இடுப்பு சிக்கிக்கொண்டது. "இப்படியே வச்சுப் பூட்டிரவா?" என்று கேட்டாள் கோரின். சிரித்துச் சிரித்து இன்னும் மோசமாகச் சிக்கினேன்.

நவம்பர் 9, சனி

குளிர்கால வேலை முடிந்தது. டிரெய்லரை முட்டுக் கொடுத்து நிறுத்தினேன். எலி நுழையும் ஓட்டைகளில் இரும்புப் பஞ்சு. பிளாஸ்டிக் உறை வேண்டாம், வியர்க்கும். பழைய பருத்திப் போர்வை போதும். பேட்டரிகளைக் கழற்றி வீட்டுக்குள் கொண்டுவந்தேன், எட்டும். உள்ளேயே வைத்து சார்ஜ் போடலாமே என்றாள் கோரின். சார்ஜ் ஏறும்போது வாயு கக்கும், மூடின பெட்டிக்குள் ஒரு பொறி போதும் என்றேன். "அப்ப கீறல் பிரச்சினையே இருக்காது" என்கிறாள், பாவி.

காரைத் தரையோடு தரையாக வயிற்றில் படுக்க வைத்துத்தான் பட்டை கட்டியிருக்கிறேன். பார்க்க அழகில்லை. அழகு யாருக்கு வேண்டும்?

டிசம்பர் 25, புதன்

டெல்ஃபினோ வந்தான். வந்ததும் காபிகூடக் குடிக்காமல் டார்ச் லைட்டை எடுத்துக்கொண்டு டிரெய்லருக்குள் போனான். கீறல் தேடுகிறானாம். தேடு சாமி, நன்றாகத் தேடு.

வெகு நேரம் ஆளைக் காணவில்லை. போய்ப் பார்த்தால் ஸ்டியரிங்கில் கை வைத்து உட்கார்ந்திருந்தான். ஜன்னல் வழியாகத்தான் நுழைந்திருக்க வேண்டும், அவன் உடம்புக்கு! என்னைப் பார்த்ததும் முகத்தை மாற்றிக்கொண்டான். "இப்படிப் படுக்கப் போட்டிருக்க, நோயாளி மாதிரி. அப்பா இருந்தா நிமிந்து நிக்க வச்சிருப்பாரு."

"அப்பா இருந்தா கூரையும் நின்னிருக்கும். உள்ள வா, போசோலே ஆறுது" என்றேன்.

சோளமும் கறியும் போட்ட அந்தச் சாறை இரண்டு தடவை ஊற்றிக்கொண்டான். காரைப் பற்றிப் பேசவில்லை. அவனுக்கும் அது வேண்டும்தான் போல. பிறகு ஏன் விற்கச் சொல்கிறான்? எனக்கு இருக்கக் கூடாது என்றா?

ஜனவரி 18, சனி

டிரெய்லர் கூரையின் உட்பக்கம் நீர் முத்து முத்தாக. காற்றுத் துளைகளைத் திறந்துவிட்டேன். காரைத் துடைத்தேன். விரல் மரத்துப் போச்சு.

பிப்ரவரி 2, ஞாயிறு

செத்த எலி ஒன்று, டிரெய்லருக்கு வெளியே. உள்ளே நுழைய முடியாமல் செத்திருக்கிறது. நான் யார் என்று எலிக்குத் தெரிந்திருக்கிறது, டெல்ஃபினோவுக்குத்தான் தெரியவில்லை.

ஏப்ரல் 13, ஞாயிறு

காரை முற்றத்தில் இறக்கினேன். பேட்டரிகளை மாட்டினேன். சுவிட்சைத் தட்டினேன். முன்பக்கம் எழுந்தது, பின்பக்கம் எழுந்தது. ஒரு கீறல் இல்லை. ஒரு புள்ளி துரு இல்லை. கோரினும் நானும் முற்றத்தில் நின்று கத்தினோம், பக்கத்து வீட்டு நாயும் சேர்ந்து குரைத்தது.

இன்னும் ஐந்து நாள். நாளைக்கு அண்ணன் வருகிறான், இங்கேதான் தங்குவான். வரட்டும். வந்து பார்க்கட்டும்.

ஏப்ரல் 15, செவ்வாய்

எழுதியே ஆகணும்.

நான் காலை பஸ் எடுக்கப் போனதும், சமையலறை ஆணியில் மாட்டியிருந்த கார், டிரெய்லர் சாவிகளை எடுத்து, காரை ஏற்றி, தன் வண்டியில் மாட்டி இழுத்துக்கொண்டு கிளம்பியிருக்கிறான். அல்புகர்க் ஆளிடம் காட்ட! என்னிடம் ஒரு வார்த்தை இல்லை.

மத்தியானம் போன். "பெர்னி… லா பஹாடா இறக்கத்துல நிக்கிறேன். வர்றியா?" குரலே சரியில்லை. ஆளுக்கு ஏதாவது ஆச்சோ என்று கோரினைக் கூப்பிட்டேன். கோரின்தான் ஓட்டினாள்.

ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை. கார் —

மூக்கை முன்னால் விட்டு ஏற்றியிருக்கிறான், அதுதான் சுலபம் என்று. அதுகூடப் போகட்டும். காரை உயரத் தூக்கி நிறுத்தி, அப்படியே வைத்துப் பட்டை இறுக்கியிருக்கிறான். சாண்டா ஃபேவில் நிறுத்திப் பழைய சிநேகிதர்களோடு சாப்பாடு. டிரெய்லர்க் கதவைத் திறந்து காட்டிப் பெருமை. படுத்துக் கிடக்கும் காரைக் காட்டினால் மானம் போய்விடும் இல்லையா? சாப்பிட்ட நேரத்தில் பம்பில் எண்ணெய் இறங்கி, கார் கொஞ்சம் கொஞ்சமாக உட்கார்ந்திருக்கிறது. கார் இறங்கினால் பட்டை தொளதொளவென்று ஆகும். தூக்கி நிறுத்தினால் தானாக உட்காரும் என்று எங்கள் வீட்டில் யாருக்குத் தெரியாது? அவனுக்கும் தெரியும். திரும்பி வந்து பட்டையைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை.

இறக்கத்தில் டிரெய்லர் ஆடியிருக்கிறது. உள்ளே கார் சுவரோடு மோதி, இரும்பு வளையத்தில் உரசி உரசி — இடது பக்கம், கதவிலிருந்து பின்விளக்குவரை. அப்பா பதினோரு பூச்சு பூசிய சிவப்பு. வெறும் தகரம் தெரிகிறது.

நான் அழவில்லை. விரலால் கோட்டின் மேல் ஒரு முறை தடவினேன், அவ்வளவுதான்.

அதற்குள் அவன் வாயைத் திறந்தான். "என்ன பண்றது. கீறல் விழுந்தாச்சு. பேச்சுன்னா பேச்சு, பெர்னி. வித்துடுவோம்."

என்ன சொன்னேன் என்று முழுதும் ஞாபகம் இல்லை. கோரின் சொல்கிறாள், லாரிக்காரர்கள் வேகத்தைக் குறைத்துப் பார்த்தார்களாம். இது மட்டும் ஞாபகம்: "கீறினது நீ. தோத்தது நானா? கேக்குறதுக்கு உனக்கு வெக்கமா இல்ல? ஒரு கீறல் இல்லாம ஆறு மாசம் வச்சிருந்தேன்டா. உன் கையில ஒரு மத்தியானம் தாங்கல! கோர்ட்டுக்குப் போ, சாமியார்கிட்டப் போ, எங்க வேணா போ. இந்தக் காரை நான் விக்க மாட்டேன்."

அண்ணனை டா போட்டது இதுவே முதல் தடவை.

பட்டையை அவிழ்த்தேன். காரை இறக்கி, நானே ஓட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். அவன் காலி டிரெய்லரை இழுத்துக்கொண்டு பின்னால் வந்தான்.

ஏப்ரல் 16, புதன்

அவன் ஊருக்குப் போகவில்லை. என் வீட்டுச் சோபாவில்தான் கிடக்கிறான். தட்டு வைத்தேன், சாப்பிட்டான்.

ஏப்ரல் 18, பெரிய வெள்ளி

கீறலை மறைக்க ஏதாவது ஒட்டலாமா என்றாள் கோரின். எதற்கு? துருப் பிடிக்காமல் மேலே மெழுகு மட்டும் தேய்த்தேன். போனேன், அப்படியே.

சிமயோ கோயிலுக்கு நடந்து போகிறவர்கள் சாலை ஓரமெல்லாம். எஸ்பனோலா தெருவில் கார்கள் ஊர்ந்தன. கீறல் விழுந்த இடது பக்கம் சனங்களுக்குத் தெரிகிற மாதிரியே போனேன். பார்க்கட்டும்.

விளக்குக் கம்பத்தடியில் நிறுத்தியதும் கூட்டம் கூடியது. அப்பாவோடு சுற்றிய கிழவர்கள், பொடிசுகள், எல்லாரும். பின்னாலேயே டெல்ஃபினோவும் தன் வண்டியில் வந்து இறங்கினான். அப்பாவின் பழைய கூட்டாளி ஒருவர் கீறலைப் பார்த்து நெஞ்சில் கை வைத்தார். "அடப் பாவமே! பொம்பளை கையில குடுத்தா இப்படித்தான். டிரெய்லர்ல ஏத்தினியாமே, அதுலதான இது?"

நான் வாயைத் திறப்பதற்குள் குரல் வந்தது.

"நான்தான்." டெல்ஃபினோ. "அவ வச்சிருந்தப்ப கண்ணாடி மாதிரி இருந்துச்சு. நான்தான் கட்டத் தெரியாமக் கட்டி நாசம் பண்ணேன்."

கிழவர் ஏதோ முனகினார். டெல்ஃபினோ இன்னும் சத்தமாக, தெருவுக்கே கேட்கிற மாதிரி, மறுபடி சொன்னான். காது வரை சிவந்திருந்தது. என் ஐம்பத்தாறு வருஷத்தில் அவன் தன் தப்பைத் தன் வாயால் சொல்லி நான் கேட்டதில்லை.

இன்னும் கோபம் போகவில்லை எனக்கு. ஆனாலும்.

ஏப்ரல் 29, செவ்வாய்

வண்டிப் பதிவு ஆபீசுக்கு இருவரும் போனோம். நான் கூப்பிடவில்லை. அவனாகத்தான் கொலராடோவிலிருந்து வந்தான். தன் பாதியை என் பேருக்கு மாற்றிக் கையெழுத்துப் போட்டான், எழுந்தான், பேனாவைத் திருப்பிக் கொடுத்தான்.

வெளியே வந்ததும் கார் பக்கத்தில் நின்றுகொண்டே இருந்தான். கதவைத் தொடவில்லை. பாக்கெட்டில் கை.

"ஒரு ரவுண்டு கூட்டிட்டுப் போறியா?" என்று கேட்டான்.

யோசிச்சுச் சொல்றேன் என்றேன். எஞ்சினைப் போட்டேன். பிறகு ஏறச் சொன்னேன்.