உருவி எறிந்த றப்பர் துண்டு

தாரகா,

நேற்று லீ ஆற்றங்கரையில், தூண்டிலில் பட்ட மீன் தப்பியதும் நான் உன்னிடம் சொன்னது எனக்குச் சரியாக நினைவில்லை. "ஒரு கொக்கி ஒழுங்காக் கொழுவத் தெரியாதோ?" என்று கிருபா மாமாவுக்கு முன்னால் கத்தினேன் என்று நினைக்கிறேன். அதைவிட மோசமாகவும் இருந்திருக்கலாம்.

இன்று காலை தூண்டில் பெட்டியைத் திறந்தேன். நீ கட்டிவைத்த மற்ற ஸ்பின்னர்களில், அந்தச் சுழலும் தகட்டு இரைகளில் எல்லாம், பெரிய கொக்கியில் மாட்டிய இரண்டாவது கொக்கி கழன்றுவிடாமல் ஒரு சின்ன றப்பர் குழாய் பிடித்துக்கொண்டிருக்கிறது. சனிக்கிழமை பெட்டியைத் துடைத்தபோது, நேற்றுப் போட்ட ஸ்பின்னரில் இருந்ததைக் குப்பை என்று நினைத்து உருவி எறிந்தவன் நான். அதனால்தான் இரண்டாவது கொக்கி கழன்றது; அந்தப் பைக் மீன் என்னால்தான் போனது.

சோறும் கணவாய்க் கறியும் அடுப்பில் இருக்கின்றன. சூடாக்கிச் சாப்பிடு.

நேற்று வீட்டுக்கு வந்ததும், "இனி உங்களோட வரமாட்டன் அப்பா" என்றாய். வா என்று கேட்க எனக்கு முகமில்லை.

பி.கு: பின்னேரம் மாமா வருவார். அறைக்குள் போய்விடாதே. யாருடைய பிழை என்று உனக்கு முன்னாலேயே அவரிடம் சொல்வேன்.

இன்னொன்று: உன்மேல் கத்தியதற்கு அம்மா இன்னும் என்னோடு கோபம். மீன் வாயில் நம் கொக்கியோடு ஆற்றில் இருக்கிறது. நான் ஷிப்டுக்குப் போகிறேன்; மாமா வருமுன் வந்துவிடுவேன். உன் தூண்டில் தடியைத் துடைத்து, என்னுடையதுக்குப் பக்கத்தில் சாத்தியிருக்கிறேன்.

அப்பா