ஜன்னலிடம் சொன்ன செய்தி

ஜூன் 3, செவ்வாய்

அக்காவோடு பேச்சில்லை. அக்கா என்றால் என் கணவரின் அக்கா. பிரசவ வார்டில் என்னோடு ஒரே ஷிஃப்டில் இருக்கும் நர்ஸும் அவர்தான். என் வேலையைப் பார்த்துப் பிடித்துப்போய்த்தான் தம்பிக்கே என்னைக் கட்டிவைத்தார். அதே வாயால் ஞாயிற்றுக்கிழமை, சொந்தக்காரர்கள் அத்தனை பேர் முன்னால், "கல்யாணத்துக்கப்புறம் எந்தம்பி எப்படி இளைச்சுட்டான் பாருங்க!" என்கிறார். இளைத்தவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார், பேன்ட் பொத்தானை அவிழ்த்துவிட்டுக்கொண்டு. சாப்பிடுவதற்குத் தவிர வாயைத் திறக்கவில்லை.

ஜூன் 5, வியாழன்

இப்போதெல்லாம் சாடைப் பேச்சுதான். "கையுறை தீர்ந்துபோச்சு, சில பேருக்குக் கண்ணே தெரியறதில்ல" என்று அவர் அலமாரியிடம் சொல்வார். நான் குழந்தை எடை பார்க்கும் தராசிடம் பதில் சொல்வேன். இன்று வலியில் துடித்துக்கொண்டிருந்த பெண்ணிடமே, "அந்தக் கத்தரிக்கோலை எடுக்கச் சொல்லும்மா அவங்களை" என்றார். அவள் எங்கள் இருவரையும் முறைத்தாள்.

"எனக்கு இங்க உயிர் போகுது. உங்க தூது வேலையையும் நானே பாக்கணுமா?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அக்காவுக்கும்தான், திரும்பி நின்றாலும் முதுகு குலுங்கியது. ஆனால் முதலில் யார் இறங்கி வருவது?

ஜூன் 6, வெள்ளி

அக்கா எனக்கு டீ வைக்கவில்லை. நானே வைத்துக்கொண்டேன். கண்றாவி.

ஜூன் 9, திங்கள்

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக இதை எழுதுகிறேன்.

இரண்டாம் கட்டில் பெண்ணுக்கு ரத்த அழுத்தம் அதிகம். வலிப்பு வராமலிருக்க ஊசி போடச் சொல்லியிருந்தார் டாக்டர். அக்கா போட்டுவிட்டு, "ரெண்டாம் கட்டிலுக்குப் போட்டாச்சு" என்று ஜன்னலைப் பார்த்துச் சொல்லியிருக்கிறார். வழக்கமான குத்தல்தான் என்று காதில் வாங்காமல் நான் குழாயைத் திறந்துவிட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தேன். அதை எழுதி வைப்பதற்குள், பக்கத்து அறையில் குழந்தை வருகிறதென்று அவர் ஓடிவிட்டார். சீட்டில் ஒன்றும் எழுதியில்லையே என்று நான் மருந்தை ஊசியில் ஏற்றிக்கொண்டு போய்க் கட்டிலருகே நின்றேன்.

"இன்னொண்ணா? இப்பத்தானே அந்தக்கா போட்டாங்க?"

கேட்டதால் பிழைத்தாள். பேசாமல் கையை நீட்டியிருந்தால்? அதே மருந்து இரண்டு முறை ஏறி மூச்சே நின்றிருக்கும் — அய்யோ, என்ன பொம்பள நான்? இளைச்சான் பெருத்தான்னு ஒரு சண்டை, அதுக்கு ஒரு தாயோட உயிரா?

டாக்டரிடம் இருவருமே போய்ச் சொன்னோம். அவர் திட்டவில்லை, அது இன்னும் மோசம். "உங்க ரெண்டு பேரையும் தனித்தனி ஷிஃப்ட்ல போட்டுடவா?" என்றார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அக்கா டாக்டரைப் பார்த்துத்தான் சொன்னார்: "வேணாம் டாக்டர். இவ இல்லாட்டி எனக்குக் கை ஓடாது."

ஜூன் 10, செவ்வாய்

உடன்பாடு ஆகிவிட்டது. வாசலுக்கு வெளியே சண்டை தொடரலாம். வார்டுக்குள் முகம் பார்த்துச் சொல்ல வேண்டும். கேட்டவள் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும்.

"மூணாம் கட்டில், ஊசி போட்டாச்சு."

"மூணாம் கட்டில், ஊசி போட்டாச்சு. சரி."

வாய்ப்பாடு ஒப்பிக்கும் பிள்ளைகள் மாதிரி இருக்கிறதென்று வார்டு ஆயா சிரிக்கிறார். சிரிக்கட்டும். சாயங்காலம் பேருந்து நிறுத்தத்தில் ஆளுக்கொரு மூலையில் நின்றோம்.

ஜூன் 14, சனி

குழந்தையின் தலை வந்துவிட்டது, தோள் உள்ளே மாட்டிக்கொண்டது.

"அவ காலை மடக்கு" என்றார் அக்கா.

"மடக்கிட்டேன்."

"அடிவயித்துல அழுத்து."

"அழுத்தறேன்."

அக்காவின் குரலையே பிடித்துக்கொண்டு நின்றேன். வந்தான்! முதலில் நீலமாக, பிறகு சிவப்பாக, பிறகு கட்டடமே அதிரும்படி அழுதுகொண்டு.

அக்கா கையுறையைக் கழற்றிவிட்டு என் முகத்தைப் பார்த்தார். "எந்தம்பி ஒண்ணும் இளைக்கலடி."

"தம்பி இளைக்கல. சரி" என்றேன். அழுகை வந்துவிட்டது.

ஜூலை 1, செவ்வாய்

டாக்டர் எங்களைப் பிரித்தே விட்டார். தண்டனை இல்லையாம். இந்தத் திருப்பிச் சொல்லும் பழக்கம் எல்லா ஷிஃப்டுக்கும் வர வேண்டுமாம். நாங்கள் ஆளுக்கொரு ஷிஃப்டில் இருந்து மற்றவர்களைப் பழக்க வேண்டுமாம். அக்காவுக்குக் காலை, எனக்கு மதியம். கட்டில் கட்டிலாக நின்று அக்கா ஒப்படைக்க, நான் திருப்பிச் சொன்னேன். எல்லாம் முடிந்தது. கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்ட பிறகும் அவர் அங்கேயே நின்றார்.

"பஸ் போயிடும்க்கா."

"போகட்டும்" என்று நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.